பதினோராவது டிக்கெட்

பள்ளிக்கூடத்தில் அவளை டைம்டேபிள் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். அவள் டீச்சர் இல்லை. பாடம் நடத்தியதே இல்லை. மாடிப்படிக்குக் கீழே, கிழிந்த வரைபடங்களும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடக்கும் ஓர் அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டப்பா நிறைய கலர் பென்சில். அதுதான் அவள் ராஜ்ஜியம். நாற்பத்திரண்டு ஆசிரியர்கள், முப்பத்தொரு வகுப்புகள், வாரத்துக்கு நாற்பது பீரியட். யார் எந்த மணிக்கு எந்த வகுப்பில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவள் அவள்தான். பதினாலு வருஷத்தில் ஒருநாள்கூட ஒரே வகுப்பு வாசலில் இரண்டு வாத்தியார்கள் முட்டிக்கொண்டதில்லை.

முகத்தைப் பார்த்தால் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்றுதான் தோன்றும். கெமிஸ்ட்ரி வாத்தியார் அப்படித்தான் நினைத்தார். ஒருநாள் டீ குடிக்கும் இடத்தில், "இவங்களுக்கு என்ன, கட்டம் போடுற வேலைதானே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். மறு வருஷத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், அதுவும் அடங்காத எட்டாம் வகுப்பு, அவர் தலையில் விழுந்தது. மூன்று வருஷமாக விழுந்துகொண்டே இருக்கிறது. தனக்கு மட்டும் ஏன் இப்படி அமைகிறது என்று மனுஷன் இன்னும் ஜாதகத்தைத்தான் நொந்துகொண்டிருக்கிறார். அவள் கோபத்தைக் கத்தித் தீர்க்கிறவள் இல்லை. கட்டம் போட்டுத் தீர்க்கிறவள்.

வீட்டிலும் அவளுக்கு இதே வேலைதான். வருஷா வருஷம் பெரிய லீவுக்குப் புருஷன் வீட்டுக் கூட்டம் மொத்தமும் ரயிலேறி ஏதாவது ஓர் ஊருக்குப் போகும். மாமியார், மைத்துனர் குடும்பம், நாத்தனார் குடும்பம், இவர்கள் குடும்பம், ஆக மொத்தம் பதினோரு உருப்படி. எந்த ஊர், எந்த வண்டி, எங்கே தங்குவது, யாருக்கு ஜன்னல், யாருக்குக் கீழ் பெர்த், எல்லாம் அவள் பொறுப்பு. மற்றவர்கள் பொறுப்பு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடப்பது. அந்தக் குடும்பத்தில் யாரும் தன் டிக்கெட்டைத் தானே படித்ததே கிடையாது. எந்த ஊருக்குப் போகிறோம் என்பதையே சிலர் வண்டியேறிய பிறகுதான் பக்கத்து சீட்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

டிக்கெட் போடும் தளம் ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் விடாது. அதனால் ஆறு பேருக்கு ஒரு டிக்கெட், நாலு பேருக்கு ஒரு டிக்கெட். ஆறும் நாலும் பத்து. பதினோராவது ஆளுக்குத் தனி டிக்கெட். அதைப் போட்டு முடிப்பதற்குள் அந்தப் பெட்டியில் இடம் தீர்ந்திருக்கும். எங்கேயோ நாலு பெட்டி தள்ளி, கக்கூஸ் பக்கத்தில் ஒரு மேல் பெர்த்தான் கிடைக்கும். பத்து வருஷமாக அந்தப் பதினோராவது டிக்கெட்டை அவள் தன் பேரில்தான் போட்டுக்கொண்டாள். யாரும் போடச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போன வருஷம்தான் வினை வந்தது.

ஒரு ஸ்டேஷனில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும். பசங்களுக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று, குடும்பம் இருந்த பெட்டியிலிருந்து கைக்கு ரெண்டாக நாலு பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் இறங்கினாள். போன் அங்கேயே சார்ஜில் கிடந்தது. குழாயடியில் கூட்டம். மூன்றாவது பாட்டில் நிறையும்போது வண்டி நகர்ந்தது. ஓடினாள். நாற்பத்தெட்டு வயசுக்கு என்ன ஓட முடியுமோ அவ்வளவு ஓடினாள். கடைசிப் பெட்டியின் கைப்பிடி விரலில் பட்டு நழுவியது.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷன். உட்காரச் சொல்லிப் போனைக் கொடுத்தார். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் புருஷன் நம்பர். நாலு தடவை அடித்தாள். நாலு தடவையும் முழுசாக மணியடித்து ஓய்ந்தது. நாலாவது பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு, அடுத்த வண்டியில், உட்கார இடமில்லாமல், நாலு பாட்டிலோடு வாசல் பக்கம் நின்றுகொண்டு போனாள்.

அவள் வண்டியில் இல்லை என்பது அந்தப் பத்து பேருக்கும் எப்போது தெரிந்தது தெரியுமா? மூணு மணி பத்து நிமிஷம் கழித்து. அதுவும் எப்படி? டிக்கெட் பரிசோதகர் வந்து டிக்கெட் எங்கே என்று கேட்டிருக்கிறார். டிக்கெட் அவள் போனில். போனைத் திறக்க அவள் வேண்டும். அப்போதுதான் அவளைத் தேடினார்கள்.

"நீங்க உங்க பெட்டியில இருப்பீங்கன்னு நெனச்சோம் அண்ணி" என்றாள் நாத்தனார். "நான் தூங்கிட்டேம்மா, போன் அடிச்சதே கேக்கல" என்றார் புருஷன். அவர் சொன்னதை அவள் நம்பினாள். தூங்குகிற மனுஷனை என்ன சொல்ல முடியும்? இருபத்து நாலு வருஷமாகப் பக்கத்தில் படுத்து அந்தத் தூக்கத்தைப் பார்க்கிறாள். பக்கத்து வீடு இடிந்து விழுந்தாலும் புரண்டுதான் படுப்பார். அதனால் அவரை விட்டுவிட்டாள்.

அதோடு போயிருந்தால் அவளும் மறந்திருப்பாள். விடவில்லை மைக்.

மைக் என்றால் நாத்தனார் புருஷன். அவருடைய தொண்டைக்கு அந்தக் குடும்பம் வைத்த பேர். அவர் வாசலில் பேசினால் கொல்லையில் துணி காயப்போடுகிறவளுக்குக் கேட்கும். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. முறைப்படி அவளுக்கு அண்ணன். வாய்க்கு வாய் 'தங்கச்சி' என்பார். அந்தத் தங்கச்சி பாட்டிலோடு ஓடியதை அவர் ஒரு நாடகமாகவே ஆக்கிவிட்டார். கைக்கு ரெண்டு பாட்டில். இடுப்பை ஒரு ஆட்டு. "டிரைவரண்ணே, வண்டி போனா போகுது, பாட்டில் மூடிய மட்டும் கொடுத்துட்டுப் போங்க!" என்று கீச்சுக் குரலில் ஒரு கத்தல். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறந்தநாள் வீட்டில் நடித்தார். கல்யாண வீட்டில் நடித்தார். மாமியார் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரி வார்டில், நர்ஸ் முன்னால் நடித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்தவர் ஆசிரியர்கள் அறையிலேயே நடித்துக் காட்டினார். அவருடைய மகள் படிப்பது இவள் வேலை பார்க்கும் பள்ளியில். மறுநாள் காலையில் கெமிஸ்ட்ரி வாத்தியார் அவளை, "குட் மார்னிங் பாட்டில் மேடம்" என்றார்.

பதினாலு வருஷம் சம்பாதித்த மரியாதை, நாலு பாட்டிலில் போயிற்று. அன்றைக்கு அவள் அந்த மாடிப்படி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பிறகு சிவப்புப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மைக் ஒரு மூணு மணி நேரம், தான் இல்லாததை யாரும் கவனிக்காத ஒரு மூணு மணி நேரம், எங்கேயாவது தனியாகக் கிடக்க வேண்டும். அப்புறம் அதையும் நடித்துக் காட்டட்டும்.

ரயில் கால அட்டவணையை நாவல் மாதிரி படிக்கிறவள் அவள். ஒரு மாதம் தேடினாள். கிடைத்தது. காலை ஏழு மணிக்குக் கிளம்பும் ஒரு வண்டி. பன்னிரண்டு பெட்டி. மத்தியானம் மூன்று ஐந்துக்கு ஒரு ஜங்ஷனில் நின்று இரண்டாகப் பிரியும். முன்னால் உள்ள ஏழு பெட்டி கடற்கரை ஊருக்கு. பின்னால் உள்ள ஐந்து பெட்டிக்கு வேறு எஞ்சின் மாட்டி, நிலக்கரி தோண்டுகிற ஊருக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த ஊரில் புழுதியைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை.

"இந்த வருஷம் கடலுக்குப் போவோமா?" என்று குடும்பத்தைக் கேட்டாள். "உனக்கு எது சரின்னு படுதோ அதப் போடு" என்றார்கள். போட்டாள்.

முன்பதிவு அறுபது நாள் முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஏழே முக்காலுக்கே சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துவிட்டாள். பேர், வயசு, எல்லாம் முதல் நாளே அடித்து வைத்தாயிற்று. எட்டு அடித்ததும் ஆறு பேர் டிக்கெட் போட்டாள். இந்தத் தடவை அந்த ஆறில் அவள் பேரும் புருஷன் பேரும் இருந்தன. அடுத்து நாலு பேர். ரெண்டும் மூன்றாம் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டன. பதினோராவது டிக்கெட்டுக்கு வந்தாள். மைக்கின் பேர். ஆண். ஐம்பத்தொன்று. போக வேண்டிய ஊர் என்ற இடத்தில் நிலக்கரி ஊரின் பேரை ஒவ்வோர் எழுத்தாக, ருசித்து ருசித்து அடித்தாள். ஒன்பதாம் பெட்டி. கீழ் பெர்த். திரும்பி வருவதற்கு மட்டும் பதினோரு பேருக்கும் ஒழுங்காகப் போட்டாள்.

அன்றைக்கு சாயங்காலம் போனில் சொன்னாள். "அண்ணே, உங்களுக்கு முழங்கால் வலின்னு சொன்னீங்கல்ல, கீழ் பெர்த்தா பாத்துப் போட்டிருக்கேன். என்ன, கொஞ்சம் பின்னாடி பெட்டி."

"தங்கச்சின்னா தங்கச்சிதான்! நீ மட்டும் இல்லேன்னா இந்தக் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்" என்றார் மைக். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

கிளம்புகிற அன்று பிளாட்பாரத்தில் அவருடைய டிக்கெட்டைத் தாளில் அச்செடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். ஊர்ப் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. "அண்ணே, ஒரு தடவை படிச்சுப் பாத்துக்கோங்க."

"நீ போட்டதுல தப்பு இருக்குமா?"

"இருந்தாலும் படிச்சுக்கோங்க அண்ணே."

அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்பதாம் பெட்டி வாசலில் ஊர்ப் பேர் பலகை தொங்கியது. சாமான் வைக்கப் போனவர் அதன் கீழேதான் குனிந்து நுழைந்தார். அவள் மனசாட்சி அதோடு வாயை மூடிக்கொண்டது. ரெண்டு தடவை படிக்கச் சொல்லியாயிற்று, இதற்கு மேல் வாசித்தா காட்ட முடியும்?

காலை முழுவதும் மைக் குடும்பத்தோடு மூன்றாம் பெட்டியில்தான் இருந்தார். சீட்டு ஆடினார். பாட்டு பாடினார். பதினோரு மணிக்கு எதிர் சீட்டில் இருந்த புதுக் கல்யாண ஜோடிக்கு அந்தப் பாட்டில் நாடகத்தை நடித்துக் காட்டினார். இந்தத் தடவை அவளுடைய பாட்டிலையே வாங்கி நடித்தார். புருஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சிரிக்கட்டும், சிரிக்கட்டும்" என்று அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் முடிந்ததும் மைக் கொட்டாவி விட்டார். "கீழ் பெர்த் போட்டுக் குடுத்திருக்கா என் தங்கச்சி. அத வீணாக்கலாமா?" என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் பெட்டிக்குத் தூங்கப் போனார்.

மூன்று ஐந்துக்கு ஜங்ஷன் வந்தது. வண்டி பிரியப் போகிறது, பயணிகள் தங்கள் பெட்டியைச் சரிபார்த்துக்கொள்ளவும் என்று ஒலிபெருக்கியில் நாலு தடவை சொன்னார்கள். குடும்பத்தில் யாரும் காது கொடுக்கவில்லை. அதெல்லாம் அவள் கேட்டுக்கொள்வாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பின்னால் எங்கோ இரும்பு கழலும் சத்தம் வந்தது. ஒரு சின்னக் குலுக்கல். மூன்றரைக்கு வண்டி கிளம்பியது. ஜன்னலில் தலையை ஒட்டி வைத்துப் பார்த்தாள். ஐந்து பெட்டிகள் பிளாட்பாரத்திலேயே நின்று சின்னதாகிக்கொண்டே போயின.

அப்பாடா! அந்த நிமிஷம் நெஞ்சு எப்படிக் குளிர்ந்தது என்கிறீர்கள்! ஒரு வருஷத்து எரிச்சல் அப்படியே இறங்கியது. இனி என்ன? ஆறு நாற்பது வரை அவள் சும்மா இருக்க வேண்டியதுதான். மைக் திரும்பி வர வழியும் கணக்குப் பண்ணி வைத்திருந்தாள். நிலக்கரி ஊர்ப் பாதையில் இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கி எதிர் வண்டி பிடித்தால் ஒன்பது மணிக்குக் கடற்கரை வந்துவிடலாம். ஆனால் அதை மூணு மணி பத்து நிமிஷம் கழித்துத்தான் சொல்வாள், அதுவும் யாராவது கேட்டால். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் பெட்டியில் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். தன்னைப் பற்றியும் அப்படித்தானே நினைத்தார்கள். மிச்சமிருந்த ஒன்பது பேரையும் ஒரு சுற்று பார்த்தாள். நாத்தனார் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பசங்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் வாய் திறந்து உறங்கினார். புருஷன் எதிர் பெர்த்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குறட்டை நின்றது. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"மாப்ள எங்க?"

"அவர் பெட்டியில தூங்குறாருங்க" என்றாள் அவள்.

"இல்லையே. ரொம்ப நேரமா சத்தத்தையே காணோமே. சாப்பாடு வேற சரியா சாப்பிடல, பாதியில வச்சுட்டாரு. உடம்புக்கு ஏதாவது..." காலால் செருப்பைத் துழாவினார். "ஒரு எட்டு போய் பாத்துட்டு வரேன்."

"தூங்குறவரை எதுக்கு எழுப்புறீங்க?"

"எழுப்பல. சும்மா பாத்துட்டு வரேன்."

போய்விட்டார். தூக்கக் கலக்கத்தில், கம்பியைப் பிடித்துப் பிடித்து, பெட்டி பெட்டியாகத் தாண்டிப் போனார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூணு முப்பத்தி நாலு.

நாலு நிமிஷம்.

கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "வண்டி முடிஞ்சு போச்சு! ஏழாவது பெட்டிக்கு அப்புறம் வண்டியே இல்ல! கதவத் தொறந்தா தண்டவாளம் ஓடுது!" நாத்தனார் வீல் என்று கத்தினாள். மாமியார் எழுந்து விஷயம் தெரியாமலே தானும் கத்தினார். பசங்கள் அபாயச் சங்கிலியை இழுக்கலாமா என்று ஆசையாகக் கேட்டார்கள். மைத்துனர் டிக்கெட் பரிசோதகரைத் தேடி ஓடினார். புருஷன் போனை எடுத்து அடித்தார், எடுக்கவில்லை, மறுபடி அடித்தார், மறுபடி அடித்தார். "எடுங்க மாப்ள, எடுங்க மாப்ள" என்று உதடு முணுமுணுத்தது. கண் கலங்கியிருந்தது.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை அடிக்கிறார் என்று எண்ணினாள். ஒன்பதாவது தடவை மைக் எடுத்தார். அந்தக் குரல் போனைத் தாண்டிப் பெட்டி முழுக்கக் கேட்டது. "மச்சான், எல்லாரும் எங்க போனீங்க? வண்டி எங்கயோ போகுது, ஜன்னல்ல கரியா தெரியுது!"

அவள் இதற்காக ஒரு வருஷம் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷன் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கக் கூடியவர்தான். ஒரு ஆளின் சத்தம் நின்றால் இவருக்கு நாலே நிமிஷத்தில் தெரியும். அந்த ஆள் எவ்வளவு சாப்பிட்டார் என்பதுகூட ஞாபகம் இருக்கும். நாலு பெட்டி தாண்டி நடக்கக் கால் இருக்கிறது. அவளுக்காக இவர் ஒரு பெட்டிகூடத் தாண்டவில்லை. மூணு மணி பத்து நிமிஷம், போன் நாலு தடவை அடித்தும் எழவில்லை. இந்த மனுஷனைத்தான், பாவம் தூங்கிவிட்டார், என்று ஒரு வருஷமாக மன்னித்து வைத்திருந்தாள்.

தப்பான ஆளுக்கு டிக்கெட் போட்டுவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

புருஷன் அவள் பக்கம் திரும்பினார். "நீதான டிக்கெட் போட்ட? எப்படி இப்படி ஆச்சு?"

"அவர் டிக்கெட்ல ஊர்ப் பேர் போட்டிருக்கு. பெட்டி வாசல்லயும் போட்டிருக்கு. படிச்சுக்கோங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். போனக் குடுங்க."

வாங்கினாள். ஆறு நாற்பது வரை காத்திருக்கவில்லை. மைக் மேல் வைத்திருந்த ஆத்திரமெல்லாம் இடம் மாறிவிட்டது, இனி அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "அண்ணே, பதறாதீங்க. ரெண்டாவது ஸ்டேஷன்ல இறங்குங்க. எதிர் பிளாட்பாரத்துல நாலு அம்பதுக்கு ஒரு வண்டி வரும். ஜங்ஷன்ல மாறி ஏறுங்க. ஒம்பது மணிக்கு நாங்க ஸ்டேஷனுக்கு வந்து நிப்போம்." அவர் மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "தங்கச்சி... நல்ல வேள நீ இருக்க" என்றார், முதன்முறையாக மெதுவாக.

குடும்பம் மூச்சு விட்டது. "எவ்ளோ அவமானப்படுத்தியும் அவருக்கு ஓடி வந்து உதவுறா பாரு" என்று மாமியார் நாத்தனாரிடம் சொன்னார். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் தட்டிக்கொடுத்தாள்.

எல்லாரும் அடங்கியபின் தன் போனை எடுத்துத் திரும்பி வரும் டிக்கெட்டைத் திறந்தாள். ஆறு பேர் கொண்ட டிக்கெட். இரண்டாவது பேர். ஆண். ஐம்பத்து மூன்று. அந்தப் பேருக்கு முன்னால் இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். பச்சையாக ஒரு குறி விழுந்தது. இந்தப் பயணியின் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யலாமா என்று கேட்டது. செய்யலாம் என்று அழுத்தினாள். அதே வண்டியில் வேறு இடம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தாள். காத்திருப்போர் பட்டியல் இருநூற்றுப் பதினாலு. அடுத்த நாலு நாளைக்கும் அதே கதைதான்.

"என்னம்மா பாக்குற?" என்றார் புருஷன், மறுபடி படுத்துக்கொண்டே.

"ரிட்டர்ன் டிக்கெட்."

"எல்லாம் சரியா இருக்கா?"

"இப்பதான் சரியாச்சு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்றைக்கு வண்டி, எத்தனை மணிக்கு, தனக்கு எந்த பெர்த் என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.